மூச்சுக் கணக்கு

நாயைப் பின்னாடி ஏத்த வேண்டாம் தம்பி. தகரம் இந்நேரமே சுடுது, தொட்டுப் பாருங்க. என் காலடியிலயே படுத்துக்குவான். கியர் பக்கம் தலையை நீட்டாம நான் பிடிச்சுக்கறேன். கடிக்க மாட்டான். மூணு வருஷம் நாலு மாசத்துல ஒருத்தரையும் கடிச்சதில்லை. குரைக்கக்கூட மாட்டான். ஊளைதான் விடுவான், அதுவும் மூணாவது மாடியில குக்கர் விசில் அடிச்சா மட்டும்.

மணி எட்டு பதினாறு. எட்டு அஞ்சுக்குக் கிளம்பலாம்னு சொன்னீங்க. குத்தமா சொல்லலை, காலிக்கூடை எல்லாம் அடுக்கணும்ல. எனக்கு மணி பார்க்கறது ஒரு பழக்கம். இருபத்தொன்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்குப் போச்சு, அதான் வேலை. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனா என் நோட்டுல ஒரு கட்டம் காலியா இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு நிமிஷம். இப்ப பேசாதீங்க, எண்ணணும்.

அறுபத்தெட்டு. நாக்கு முழுசா வெளிய இருக்கு, பார்த்தீங்களா? எண்ணும்போது பேச்சு கொடுத்தா கணக்கு தப்பிரும், அதான் வாயை அடைச்சேன். மனசுல வச்சுக்காதீங்க. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. நிமிஷத்துக்கு நாப்பதுக்குள்ள இருந்தா கவலையில்லைன்னு கால்நடை டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அடிவாரம் போற வரைக்கும் சேலத்து வெயில்தான், வேற வழியில்லை. மேல ஏற ஏறக் குறையணும். ஏற்காட்டுக்கு இருபது வளைவு இருக்குல்ல? அஞ்சு வளைவுக்கு ஒரு தடவை எண்ணுவேன்.

பேரு போரிஸ். நான் வைக்கலை, என் மகன் குமரவேல் வச்சது. பனி தேசத்து நாய். அங்க வண்டி இழுக்குமாம். இங்க ஏ.சி. ரூம்ல கிடக்குது. கம்பெனி வேலையா மார்ச் ஒண்ணாந்தேதி புருஷனும் பொண்டாட்டியும் ஜப்பானுக்குப் போனாங்க. மூணு மாசம். இன்னைக்கு மே பன்னண்டு, எழுபத்து மூணாவது நாள். நாய் விடுதியில விட்டா உண்ணி ஏறிடும்னு மருமகளுக்குப் பயம். "அப்பா, நீங்க அந்தத் தனி வீட்டுல என்ன பண்றீங்க, இங்க வந்து ஜம்முனு ஏ.சி.யில இருங்க"ன்னான். எனக்காகத்தான் சொன்னான். நானும் வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டேன்.

பதினாலு கட்டளை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்தான். இங்கிலீஷ்ல. எதிர் வீட்டு மங்கையர்க்கரசி டீச்சரைப் படிக்கச் சொல்லி, தமிழ்ல என் நோட்டுல எழுதிக்கிட்டேன். ஏ.சி. இருபத்து நாலுக்கு மேல போகக்கூடாது. வெளிய கூட்டிப் போறது காலையில அஞ்சு இருபதுக்கு, சாயங்காலம் இருட்டினதும், ஒவ்வொண்ணும் பதினொரு நிமிஷம். தார் ரோட்டுல புறங்கையை ஏழு எண்ணற வரைக்கும் வச்சுப் பார்த்து, சுடலைன்னாத்தான் நாயை இறக்கணும். ஆறாவது கட்டளை, எக்காரணம் கொண்டும் முடியை வெட்டக்கூடாது. பதினாலாவது, ரூமைப் பூட்டிட்டு வெளிய போகக்கூடாது. தனியா விட்டா கதவைப் பிறாண்டி நகத்தை உடைச்சுக்குவான்.

அதனால நான் எங்கயும் போறதில்லை. ஓமலூர்ல தங்கச்சி மகன் கல்யாணம். பதினாறு கிலோமீட்டர். "அரை நாள் போயிட்டு வந்துடட்டுமாப்பா"ன்னு கேட்டேன். "போயிட்டு வாங்கப்பா, ஆனா அவனை யார் பார்த்துக்குவா?"ன்னான். போகாதேன்னு சொல்லலை, பாருங்க. நானா யோசிச்சேன், போகலை. தங்கச்சி இப்ப போனை எடுக்கறதில்லை. ஏழு தடவை அடிச்சேன். எட்டாவது தடவை அடிச்சா நல்லாயிருக்காதுன்னு விட்டுட்டேன்.

உங்ககிட்டகூட நேத்துதானே பேசினேன். தினம் அஞ்சு இருபத்தஞ்சுக்கு உழவர் சந்தை வாசல்ல உங்க சின்ன யானை வண்டி நிக்கும். பீன்ஸ் மூட்டை இறக்கிட்டிருப்பீங்க. ஒரு நாள் "பெருசு, நாய் உங்களை மேய்க்குதா, நீங்க நாயை மேய்க்கறீங்களா"ன்னு கேட்டு சிரிச்சீங்க. அன்னைக்கு நானும் சிரிச்சேன், உங்களுக்குக் கேட்டிருக்காது. ஏற்காட்டு வண்டின்னு போர்டுல பார்த்து வச்சுக்கிட்டேன். ரெண்டு டாக்ஸிக்காரங்களைக் கூப்பிட்டேன், நாயைப் பார்த்ததும் சீட்டுல முடி ஒட்டும்னு போயிட்டாங்க.

ஏன் இன்னைக்குன்னா, இன்னைக்குப் பராமரிப்பு. பேப்பர்ல போட்டிருந்தான், காலை ஒன்பதுல இருந்து மாலை அஞ்சு வரைக்கும் எங்க பக்கம் மின்சாரம் இருக்காது. கத்திரி ஆரம்பிச்சு ஒன்பதாவது நாள். நம்ம கட்டடத்து ஜெனரேட்டர் லைட்டு, ஃபேன், லிஃப்டு மூணுக்குத்தான். ஏ.சி.க்குக் கிடையாது.

போன மாசம் இதே மாதிரி ஒரு நாள், ஏப்ரல் பதினொண்ணு. நான் தயாராத்தான் இருந்தேன். பெரிய பேசின்ல ஐஸ், ஜன்னலுக்கு ஈரச் சாக்கு, எல்லாம். கால் மணிக்கு ஒரு தடவை மூச்சை எண்ணி எழுதினேன். ஒன்பதே காலுக்கு நாப்பத்து நாலு. பத்தரைக்கு எழுபது. பன்னண்டரைக்கு நூத்துப் பதினெட்டு. குளியலறைக்கு இழுத்துட்டுப் போய்த் தரையில படுக்க வச்சு, வயித்துலயும் பாதத்துலயும் மொண்டு மொண்டு ஊத்தினேன். அதுக்கப்புறம் எனக்கும் லேசா கண்ணு அசந்திருக்கு. முழிச்சுப் பார்த்தா என் கன்னம் ஓட்டுத் தரையில ஒட்டியிருக்கு, போரிஸ் என் காதை நக்கறான், வாட்ச்மேன் சின்ராசு முகத்துல தண்ணி தெளிக்கறார். மாத்துச் சாவி போட்டுத் திறந்திருக்கார்.

"என்ன சின்ராசு?"ன்னேன்.

"ஜப்பான்ல இருந்து சார் போன் பண்ணினார். நீங்க போனை எடுக்கலையாம். நாய்க்கு ஏதாவது ஆயிடுச்சான்னு பார்க்கச் சொன்னார்."

அவ்வளவு தூரத்துல இருந்தும் அக்கறை பாருங்க. நல்லாயிருக்கான்னு சொல்லச் சொன்னேன். சின்ராசும் அப்படியே சொல்லிட்டார். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். நோட்டுல பன்னண்டே முக்கால், ஒண்ணு, ஒண்ணே கால், மூணு கட்டம் காலி. இருபத்தொன்பது வருஷத்துல நடக்காதது. குத்துமதிப்பா எழுதிடலாமான்னு பார்த்தேன், மனசு ஒப்பலை. காலியாவே இருக்கு.

அடிவாரம் வந்துடுச்சா? எட்டு முப்பத்தெட்டு. முதல் வளைவு. இவனுக்கு ஐஸ் பாட்டில் மாத்திடறேன். துண்டுல சுத்தித்தான் வைக்கணும், நேரா வச்சா தோலுக்கு ஆகாது.

அதுக்கப்புறம்தான் நான் ஒரு தப்பு பண்ணினேன். உங்ககிட்ட சொல்றதுல என்ன, நீங்க குமரவேலைப் பார்க்கப் போறீங்களா.

விஷயம் கேள்விப்பட்டு மங்கையர்க்கரசி டீச்சர் வந்தாங்க. "ஏங்க, நம்ம குழந்தைங்களுக்குச் சித்திரையில மொட்டை போடறதில்லையா? வாயில்லா ஜீவனுக்குக் கம்பளியைப் போர்த்தி வச்சு, அதுக்கு மூச்சு வாங்குதுன்னு எண்ணிட்டு இருக்கீங்களே"ன்னாங்க. ஆறாவது கட்டளையை எனக்குப் படிச்சுக் காட்டினதே அவங்கதான். "அது ஸ்டைலுக்கு எழுதியிருப்பான்"னு சொல்லிட்டாங்க. எனக்கும் நியாயமாப் பட்டுச்சு. குமரவேலுக்கு மூணு மொட்டை போட்டிருக்கேன், மூணும் கோடையில. போட்டதும் தலையைத் தடவிக்கிட்டு எப்படிச் சிரிப்பான் தெரியுமா.

வருஷப்பிறப்பு அன்னைக்கு, பதினாலாந்தேதி, நாள் நல்லாயிருந்துச்சு. தலையில பூசச் சந்தனம் அரைச்சு வச்சேன். போரிஸைக் கிழக்கே பார்த்து உட்கார வச்சேன். ஜப்பான்ல இருந்து மகன் பார்க்கற கேமரா ரூம்லதான் இருக்கு, அதனால பால்கனியில. என் தாடி மழிக்கற மெஷினை இடுப்பு கிட்ட வச்சு இழுத்தேன். ஒரு சாண் போச்சு. ரெண்டாவது இழுப்புல கரண்டு போச்சு.

சிரிக்காதீங்க தம்பி. சார்ஜ் நிக்காத மெஷின், ஒயரோடதான் ஓடும். கரண்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்துச்சு. அதுக்குள்ள எனக்குத் தைரியம் போயிடுச்சு. அந்தச் சாண் அகலத்துக்கு ரோஜா நிறத்துல தோலு. பார்க்கவே கூசுச்சு. மறுநாள் விடியற்காலையிலயே ஆட்டோ பிடிச்சு அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா குனிஞ்சு பார்த்துட்டு, "என்னங்க ஐயா, சந்தன வாசம் வருது?"ன்னாங்க. சொன்னேன். நாய் தலையைக் கொஞ்ச நேரம் தடவிக்கிட்டே இருந்தாங்க.

"ஐயா, வெயில்ல வேலை செய்யறவங்க தலைப்பாகையை அவுத்து வைப்பாங்களா?"

"மாட்டாங்க."

"மேல நீளமா இருக்கே, அது இவனுக்குத் தலைப்பாகை. வெயிலைத் தோலுக்கு விடாது. அடியில பஞ்சு மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் குளிருக்கு. கோடையில அது தானா கழலும். அதைச் சீவி எடுத்தா உள்ள காத்து போகும். மழிச்சீங்கன்னா தலைப்பாகையும் போச்சு, தோலும் வெந்துடும். சில நாய்க்கு மறுபடி சரியா முளைக்கவும் முளைக்காது. கரண்டு போனது உங்க நல்ல நேரம்."

கம்பிப்பல் சீப்பு எப்படிப் பிடிக்கணும்னு அவங்களே காட்டினாங்க. முடி போற திசையில, தோலைக் கீறாம, ஒரு பகுதியை முடிச்சுட்டுத்தான் அடுத்த பகுதி. குளிப்பாட்டினா அடி வரைக்கும் காயணும், இல்லைன்னா உள்ள புண்ணு வரும். ஈரத்துணியை மேல போர்த்தாதீங்க, சூடு உள்ளயே நின்னுடும், அடியில விரிங்கன்னாங்க. எல்லாம் எழுதிக்கிட்டேன். கிளம்பும்போது, "உங்களுக்கு பிரஷர் இருக்கா, கை நடுங்குதே"ன்னாங்க. நான் நாயைக் காட்டத்தான் வந்தேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அஞ்சாவது வளைவு. பேசாதீங்க.

ஐம்பத்து ரெண்டு. குறையுது. காத்து மாறுதுல்ல?

அன்னையில இருந்து தினம் இருநூறு இழுப்பு. காலையில நூறு, சாயங்காலம் நூறு. எவ்வளவு வந்துச்சுங்கறீங்க? பத்தொன்பது பை. இவன் உடம்புல இன்னொரு நாய் ஒளிஞ்சிருந்த மாதிரி. தூக்கிப் போட மனசு வரலை, கட்டிலுக்கு அடியில அடுக்கி வச்சேன்.

ஆனா அந்த ஒரு சாண் இருக்கே, அது இருபத்தெட்டு நாளாச்சு, பூனை மயிர் மாதிரி முளைச்சதோட நிக்குது. இடது பக்கம். இந்தப் பக்கம் குனிஞ்சா தெரியும். ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க, அப்புறம் காட்டறேன்.

ரூம் மூலையில கேமரா இருக்குன்னு சொன்னேன்ல. ஒரு உழக்கு அளவுதான். ஜப்பான்ல இருந்து அதுல பார்க்கலாம், பேசவும் செய்யலாம். நான் நாற்காலியில உட்கார்ந்திருப்பேன், திடீர்னு சுவத்துல இருந்து "போரிஸ், குட் பாய்"னு சத்தம் வரும். இவனைவிட எனக்குத்தான் தூக்கிவாரிப் போடும். ஆரம்பத்துல ஒரு தடவை, "அப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவனை மறைக்கறீங்க"ன்னான். நாற்காலியை ஓரத்துக்குத் தள்ளிட்டேன். இப்ப மறைக்கறதில்லை. என் பாதி தோளும் நாற்காலி முதுகும் மட்டும் தெரியுமாம்.

தினம் ரெண்டு போன். காலையில ஒன்பதுக்கு, அது அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். சாயங்காலம் அஞ்சரைக்கு. நேத்து வரைக்கும் நூத்து நாப்பத்து நாலு. ஒண்ணுகூடத் தவறினதில்லை. அன்னைக்கு மத்தியானம் நான் எடுக்காதது தனிக் கணக்கு. எந்தப் பிள்ளை அப்படிப் பேசும்? அதுல ரெண்டு தடவை "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டிருக்கான். ஒண்ணு வருஷப்பிறப்பு அன்னைக்கு. இன்னொண்ணு என்னைக் கேட்டானா, போரிஸைக் கேட்டானான்னு நிச்சயமாத் தெரியலை. நோட்டுல பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருக்கேன்.

அந்த ரெண்டு நேரமும் போரிஸ் இடது பக்கம் கீழ இருக்கற மாதிரிப் படுக்கணும், இல்லைன்னா மழிச்ச இடம் கேமராவுல விழும். பழக்கிட்டேன். எட்டு ஐம்பதுக்கு வலது காலைத் தொடுவேன், புரண்டு படுத்துக்குவான். என்னைவிட அவனுக்கு மணி தெரியுது. முப்பத்தொண்ணாந்தேதி அவங்க வந்து இறங்கினதும் தெரியத்தான் போகுது. இன்னும் பத்தொன்பது நாள்ல ஒரு சாண் முடி முளைக்குமா தம்பி? நீங்க ஆடு மாடு வளர்க்கறவங்க, அதான் கேட்டேன். அவன் திட்டுறதுக்குப் பயப்படலை. அவன் திட்ட மாட்டான். "உங்ககிட்ட விட்டுட்டுப் போனேனேப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான். அதுக்கப்புறம் என்னை நம்பி எதை விடுவான்? வாடகை வீட்டையும் விட்டுட்டேன்.

எட்டு ஐம்பத்து ஒண்ணு. போன் வரப்போகுது.

இன்னைக்கு எப்படின்னுதானே கேக்கறீங்க? அதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கேன். பொய் சொல்றது எனக்கு வராது. அந்தப் பத்தொன்பது பையில பதினொண்ணைப் பிரிச்சு, ரெண்டு தலையணை உறையில அடைச்சேன். ஒண்ணு உடம்பு, ஒண்ணு தலை. உறை மேலயும் முடியை ஒட்ட வச்சு, அவன் மெத்தையில, அவன் வளைஞ்சு படுக்கற மாதிரி, முதுகு கேமரா பக்கமா இருக்கற மாதிரி வச்சேன். கழுத்துப் பட்டையைக்கூட மாட்டினேன். அதான் இவன் என் வேட்டிக் கிழிசலைக் கட்டிட்டு வர்றான். வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்தேன், எனக்கே ஒரு நிமிஷம் அவன் உள்ள இருக்கான், நான் யாரையோ பிடிச்சிட்டு நிக்கறேன்னு தோணிடுச்சு. அதுல பொய் என்ன இருக்கு? எல்லாம் அவன் முடிதானே.

கரண்டு போனதும் கேமரா அணைஞ்சுடும், சாயங்காலம் வரைக்கும் பிரச்சினையில்லை. ஆனா பராமரிப்புக்காரங்க என்னைக்குச் சொன்ன மணிக்கு நிறுத்தினாங்க? பத்து நிமிஷம் பிந்தினாலும் அவன் பார்ப்பான்.

பத்தாவது வளைவு. இதோ அடிக்குது. தம்பி, ஓரமா நிறுத்தி இன்ஜினை அணைச்சுடுங்க. சத்தம் கேட்டுடும். ஹாரன் வேண்டாம். ஸ்பீக்கர்லதான் போடுவேன், காதுல வச்சா எனக்குச் சரியா விழாது.

"சொல்லுப்பா."

"அப்பா, போரிஸ் எப்படி இருக்கான்? கேமராவுல பார்த்துட்டுத்தான் இருக்கேன். அசையாம தூங்கறானே."

"அசந்து தூங்கறான்."

"இன்னைக்கு ஷட்டவுன்னு சொன்னீங்களே, இன்னும் போகலையா? மூச்சு எவ்வளவு?"

"இரு, எண்ணிச் சொல்றேன்... நாப்பது."

"சூப்பர். அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க. அவன் கூடவே இருங்கப்பா, இன்னைக்கு மட்டும் ரூமை விட்டு நகராதீங்க."

"நான் எங்க போறேன். அவன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

"பார்க்கறேன்ல. சரிப்பா, கட் ஆயிடுச்சு, இருட்டா வருது. கரண்டு போயிடுச்சு போல. சாயங்காலம் கூப்பிடறேன்."

போயிடுச்சு. ஒன்பது மூணு. மூணு நிமிஷம்தான் பிந்தியிருக்காங்க, நல்ல வேலைக்காரங்க. எடுங்க வண்டியை.

பார்த்தீங்களா, கண்டுபிடிக்கலை. நாப்பதுங்கறதும் நிஜம், நீங்களே பார்த்தீங்க, உங்க முன்னாடிதான் எண்ணினேன். பக்கத்துல உட்கார்ந்திருக்கேங்கறதும் நிஜம்.

என்ன தம்பி?

நாற்காலியா?

ஆமா. அது காலியாத்தான் இருந்திருக்கும். அதுக்கு ஒண்ணும் வைக்கலை. இவனுக்கு வாலு வரைக்கும் யோசிச்சேன், வாலுக்குத் தனியா ஒரு காலுறையில அடைச்சேன். நாற்காலியை மறந்தே போனேன். ஒரு சட்டையாவது மாட்டி வச்சிருக்கலாம். எழுபத்து மூணு நாளா அதுலதானே உட்கார்ந்திருந்தேன்.

'பார்க்கறேன்ல'ன்னு சொன்னான். நீங்களும் கேட்டீங்கல்ல?

ஓரத்துல இருக்குல்ல, சரியாத் தெரிஞ்சிருக்காது. இல்லைன்னா பாத்ரூம் போயிருக்கேன்னு நினைச்சிருப்பான். அவனுக்கு அங்க ஆயிரம் வேலை. நல்லதாப் போச்சு, கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? நல்லதாத்தான் போச்சு.

பதினஞ்சாவது வளைவு. இதுல எண்ணணும்.

முப்பத்து நாலு. வாயை மூடிட்டான். மூக்கை ஜன்னல் பக்கம் தூக்கறான் பாருங்க. கண்ணாடியை இன்னும் இறக்குங்க. சவுக்கு வாசம்.

மேல ஒண்டிக்கடை ஸ்டாப் தாண்டி இறக்கி விட்டாப் போதும். பழனியாண்டின்னு என் கூட கண்டக்டரா இருந்தவர், அங்கதான் இருக்கார். வீட்டைச் சுத்திக் காப்பிச் செடி நிழலு. பகல் முழுக்க இவன் மண்ணுல புரளட்டும். நாளைக்குக் காலையில நாலு மணிக்கு நீங்க காய் ஏத்திட்டு இறங்கும்போது உங்க கூடவே வந்துடறேன். சாயங்காலப் போனுக்கு அந்தத் தலையணை இருக்கு, பார்த்துக்கலாம். ஒரு ராத்திரிதான்.

பையா? பெருசாத் தெரியுதா? நாலு வேட்டி இருக்கு. ஒண்ணு போதும், ஆனா கையில வந்துச்சு, போட்டுட்டேன். மாத்திரை இருபத்தாறு நாளைக்கு இருக்கு, அட்டையை வெட்டி எடுக்க நேரமில்லை. அவ போட்டோ ஒண்ணு இருக்கு, என் வீட்டுக்காரி. அந்த ரூம்ல மாட்ட ஆணி அடிக்கக்கூடாதுன்னு பையிலயேதான் இருந்துச்சு. அதை எதுக்கு எடுத்து வெளிய வைக்கணும்னு விட்டுட்டேன். மத்தபடி நாளைக்குத் திரும்பிடுவேன். நாலு மணிதானே? மூணு ஐம்பதுக்கு ரோட்டுல நிப்பேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? இருபதாவது வளைவா இது? ஆமா, போர்டு இருக்கு. ஒன்பது இருபத்திரண்டு.

இருபத்தாறு. தம்பி, இருபத்தாறு. தூங்கிட்டான். இந்த நோட்டுல இவ்வளவு சின்ன எண்ணை நான் எழுதினதே இல்லை.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? எனக்கா? எனக்கென்ன? அடிவாரத்துல இருந்தேவா? பேசிட்டே வந்தேன்ல, அதனால மூச்சு வாங்குது. இல்லை, எண்ணினதில்லை. நம்ம மூச்சை நாமே எண்ண முடியாது, எண்ண ஆரம்பிச்சதுமே மாறிடும். வேற யாராவதுதான் எண்ணணும். அதுக்கு யாரு இருந்தா அங்க?

அட, வேண்டாம் தம்பி. உங்களுக்கு நேரமாகும்.

சரி, இந்தாங்க என் வாட்ச். பெரிய முள்ளைப் பார்க்காதீங்க, சிவப்பு முள்ளு. என் நெஞ்சைப் பாருங்க, ஏறி இறங்கினா ஒண்ணு. பாதியில சந்தேகம் வந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், குத்துமதிப்பாச் சொல்லக்கூடாது. முள்ளு பன்னண்டுல வரட்டும்.

நான் பேசாம இருக்கேன்.